லண்டன் கேலிப்படங்கள்: மூக்கை நம்பாதீர்கள், சுவரைப் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அச்சிட்டு விற்ற கேலிப்படங்களை வைத்து அந்தக் காலத்து மக்களின் அன்றாட வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள முடியுமா? மூக்கை முழ நீளத்துக்கு இழுத்து வரைகிறவன், மற்றதை மட்டும் ஒழுங்காக வரைந்திருப்பானா?

முடியும் என்பதுதான் என் பதில். மூக்கை நம்ப வேண்டாம். அந்த மூக்குக்குப் பின்னால் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, மேசை மேல் என்ன இருக்கிறது, கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கிண்டல் எடுபட வேண்டுமானால், வாங்குகிறவனுக்கு 'அட, இது நம்ம தெருவாச்சே' என்று தோன்ற வேண்டும். கோப்பையும் நாற்காலியும் தெருமுனையும் சரியாக இருந்தால்தான் நடுவில் நிற்கிற ஆளைப் பார்த்துச் சிரிப்பு வரும். அதனால் பொய் நடுவிலும் மெய் ஓரத்திலும் இருப்பது இந்தப் படங்களின் பொதுவான குணம். இதற்கும் விலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்தப் படங்கள் என்ன சரக்கு என்று தெரிய வேண்டும். பத்திரிகையில் வரும் கார்ட்டூன் போல அல்ல இவை. ஒவ்வொன்றும் தனித் தாள், தனி விலை. செப்புத் தகட்டில் மெழுகு போன்ற ஒரு பூச்சைத் தடவி, ஊசியால் அதன் மேல் கீறி, அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரத் தாளை வைத்து உருளைக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள். தகட்டில் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும், எழுத்தையும் கூட. சில நூறு பிரதி எடுத்த பிறகு கோடு மங்கத் தொடங்கும். வண்ணப் படம் வேண்டுமானால் அச்சான பிறகு தூரிகையால் ஒவ்வொரு தாளுக்கும் கையால் பூசுவார்கள்.

விலை? நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ணம் இல்லாதது 6 பென்னி, வண்ணமிட்டது 1 ஷில்லிங் என்பது சாதாரணம். பெரிய படம் என்றால் 2 ஷில்லிங், அதற்கு மேலும் போகும். 12 பென்னி ஒரு ஷில்லிங். லண்டனில் ஒரு கூலித் தொழிலாளிக்கு வாரத்துக்குப் பத்து ஷில்லிங் அளவில்தான் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு வண்ணப் படத்துக்கு அரை நாள் கூலிக்கு மேல் போய்விடும். ஆக, வாங்கினவர்கள் வசதியானவர்கள். மற்றவர்கள் கடைக் கண்ணாடி வழியாக ஓசியில் பார்த்தார்கள், காபிக் கடையிலும் மதுக்கடையிலும் பார்த்தார்கள். பிக்காடிலியில் கடை வைத்திருந்த ஃபோர்ஸ் என்பவர் படத் தொகுப்புகளை ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் வாடகைக்கு விட்டார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் புரட்டிப் பார்த்துச் சிரிக்க. நாம் சி.டி. வாடகைக்கு எடுத்த காலம் நினைவுக்கு வருகிறதா?

இன்னொரு நல்ல விஷயம், பெரும்பாலான படங்களின் அடியில் தேதி இருக்கும். இதற்கு ஓவியர் வில்லியம் ஹோகார்த்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 1732-இல் அவர் வெளியிட்ட ஆறு படத் தொடரை, நாட்டுப்புறத்திலிருந்து லண்டன் வந்து கெட்டுப்போகும் ஒரு பெண்ணின் கதை அது, ஊரில் இருந்த அச்சுக் கடைக்காரர்கள் எல்லாம் திருடி அச்சிட்டுத் தள்ளினார்கள். ஹோகார்த்தும் சில ஓவியர்களும் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். 1735-இல் சட்டம் வந்தது. படத்தை உருவாக்கியவருக்கு 14 ஆண்டு உரிமை; ஆனால் உரிமையாளர் பெயரும் வெளியான நாளும் ஒவ்வொரு படத்திலும் பொறிக்கப்பட வேண்டும். சட்டம் ஜூன் 25 அன்று நடைமுறைக்கு வரும் வரை தன் அடுத்த தொடரை அவர் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். திருட்டை நிறுத்த வந்த சட்டம், இன்றைக்கு நமக்குத் தேதி போட்ட சாட்சியாக ஆகிவிட்டது.

சரி, ஒரு படத்தை நெருங்கிப் பார்ப்போம். 1741-இல் ஹோகார்த் வெளியிட்ட 'கோபம் கொண்ட இசைக்கலைஞர்'. ஜன்னலில் ஒரு வயலின் வித்துவான், நல்ல உடை, தலையில் டோப்பா, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே முறைக்கிறார். ஏன் என்றால், தெருவில் அத்தனை சத்தம். நடுவில் தலையில் பால் குடத்தோடு ஒரு பெண் கூவுகிறாள். இடுப்பில் அழுகிற குழந்தையோடு ஒருத்தி பாட்டுத் தாள் விற்கிறாள், பாடிக்காட்டித்தான் விற்க வேண்டும். ஜன்னலுக்கு நேர் கீழே ஒருவன் குழலை ஊதுகிறான். சாணை பிடிக்கிறவன் வெட்டுக்கத்தியைச் சக்கரத்தில் வைத்திருக்கிறான், அவன் பக்கத்தில் நாய் குரைக்கிறது. குப்பைக்காரன் மணியடித்துக்கொண்டு போகிறான். மீன்காரன் வாயருகே கையைக் குவித்துக் கத்துகிறான். குதிரை மேல் ஒருவன் கொம்பு ஊதிக்கொண்டு வருகிறான். பன்றிக்குக் காயடிக்கிறவன், வந்திருக்கிறேன் என்று ஊருக்கு அறிவிக்கும் கொம்பு அது. ஒரு சிறுவன் மேளம் தட்டுகிறான், இன்னொரு சிறுவன் சுவரோரம் மூத்திரம் பெய்கிறான், கிலுகிலுப்பையோடு ஒரு சின்னப் பெண் அதை வியப்பாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கூரை மேல் பூனைகள் சண்டை போடுகின்றன. போதாக்குறைக்கு அங்கே ஒரு கடையின் பலகையில் தகரப் பாத்திரம் செய்கிறவரின் பெயர். தட்டுகிற சத்தத்தை வரைய முடியாதே, பலகையை வரைந்துவிட்டார். தூரத்துத் தேவாலயக் கோபுரத்தில் கொடி பறக்கிறது. அன்று விசேஷம், மணியும் அடிக்கிறது என்று பொருள். இதைப் பார்த்தாலே காது செவிடாகிவிடும் என்று நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் எழுதினார்.

இத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் ஒரே ஜன்னல் கீழே வந்து நின்றிருக்க மாட்டார்கள். அது பொய். ஆனால் தனித்தனியாக ஒவ்வொருவரும் மெய். பால் வீட்டு வாசலுக்குத் தலைச்சுமையாக வந்தது, பாட்டு அச்சிட்ட தாளாக விற்றது, குப்பைக்கு மணி அடித்தார்கள், பெரிய நகரத்துக்குள்ளும் பன்றி வளர்த்தார்கள். எந்தச் சட்டப் புத்தகமும் கணக்குப் புத்தகமும் இதை இப்படி ஒரு பார்வையில் காட்டாது. அதோடு யார் யாரை இரைச்சல் என்று நினைத்தார்கள் என்பதும் தெரிகிறது. வித்துவானுக்குத் தெருக்காரர்கள் இரைச்சல். படத்தைப் பார்த்தால் ஹோகார்த் வித்துவான் பக்கம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பால்காரிக்குத்தான் அதிக வெளிச்சம், அதிக அழகு.

1738-இல் வந்த அவரது 'நாளின் நான்கு பொழுதுகள்' தொடரில் கடைசிப் படமான இரவும் இப்படிப்பட்டதுதான். சாரிங் கிராஸ் பக்கம் ஒரு குறுகிய தெரு. நடுத்தெருவில் நெருப்பு எரிகிறது, அதில் தடுமாறி, சாலிஸ்பரி ஊருக்குப் போகும் பயணி வண்டி கவிழ்ந்து கிடக்கிறது. குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு பெரிய மனிதரை ஒருவன் தாங்கிக்கொண்டு போகிறான். முதல் தடவை பார்க்கும்போது நான் இவ்வளவுதான் கவனித்தேன். மேல் ஜன்னலிலிருந்து ஒரு கை மூத்திரச் சட்டியைக் கவிழ்ப்பதும், அது அந்தப் பெரிய மனிதர் மேலேயே விழுவதும் அப்புறம்தான் கண்ணில் பட்டது. அதற்கும் பிறகுதான் முடிதிருத்தும் கடையின் பலகையைப் படித்தேன். சவரம் செய்யப்படும், இரத்தம் எடுக்கப்படும், பல் பிடுங்கப்படும் என்று இருக்கிறது. மூன்றும் ஒரே ஆள் வேலை. லண்டனில் முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இருந்து, 1745-இல்தான் பிரிந்தார்கள். படம் அதற்கு ஏழு ஆண்டு முந்தியது. அந்தக் கடையின் ஜன்னல் மேடைக்குக் கீழே பாருங்கள், வீடற்ற பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். பின்னால் ஒரு வண்டியில் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றி யாரோ வீடு மாறுகிறார்கள். ராத்திரியில் ஏன்? வாடகை பாக்கி, வேறென்ன.

அதே இரவுப் படத்தில் தொப்பியில் கருவாலி இலை செருகியிருக்கிறார்கள், அதை வைத்து தேதி மே 29 என்றே சொல்லிவிடலாம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பியதைக் கொண்டாடும் நாள் அது.

இப்போது அந்த விலக்கு. ஓரத்தில் இருப்பதெல்லாம் அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் சில பொருள்கள் பொருள் அல்ல, வசனம். அதே தொடரில் மாலைப் பொழுதுப் படத்தில், ஊருக்கு வெளியே உலாவப் போய்க் களைத்துத் திரும்பும் ஒரு சாயப்பட்டறைக்காரர் குடும்பம். கணவன் கையில் குழந்தை, மனைவி பெருத்த உடம்போடு முன்னால் நடக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பசு நிற்கிறது, பால் கறக்கிறார்கள். பசு அங்கே நின்றிருக்கலாம். ஆனால் அதன் கொம்புகள் சரியாகக் கணவனின் தலைக்கு மேலே வருகிற மாதிரி வரைந்திருக்கிறார். நம் ஊரில் 'உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு' என்றால் திமிர் பிடித்தவனைக் கேட்பது. அவர்கள் ஊரில் கொம்பு முளைத்தவன் என்றால் மனைவி வேறொருவனோடு போனது தெரியாமல் இருக்கும் அப்பாவி. இது தெரியாமல் படத்தைப் பார்த்தால் பசு வெறும் பசு. இதுபோல உடைந்த வாள், கவிழ்ந்த நாற்காலி, சுவர் ஓவியத்தில் இருக்கும் புராணக் கதை எல்லாமே பேசும். 1745-இல் வந்த அவரது பணக்காரத் திருமணத் தொடரின் இரண்டாவது படத்தில், கணவனின் சட்டைப் பையிலிருந்து ஒரு நாய்க்குட்டி பெண்கள் அணியும் தொப்பி ஒன்றை மோந்து இழுக்கிறது. அவன் இரவு எங்கே இருந்தான் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். கடன் சீட்டுக் கட்டோடு கணக்குப்பிள்ளை மேலே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார்.

அதனால் நான் வைத்திருக்கும் வழி இதுதான். ஒரு பொருள் கதைக்குத் தேவைப்படுகிறதா என்று முதலில் பார்ப்பேன். தேவைப்பட்டால் சந்தேகப்படுவேன். தேவையே இல்லாமல் சும்மா கிடந்தால் நம்புவேன். நாய் இழுக்கும் தொப்பி கதை. அங்கே கணப்பு மேடை மேல் நெருக்கி அடுக்கியிருக்கும் பீங்கான் பொம்மைகள், பணம் வந்தவர்கள் எதை வாங்கிக் குவித்தார்கள் என்பதற்குச் சாட்சி.

மிகவும் புகழ்பெற்றதும் மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் 1751-இல் ஹோகார்த் வெளியிட்ட 'ஜின் தெரு'. ஜின் என்பது கடுமையான ஒரு மது. பாடப் புத்தகம் தவறாமல் போடும் படம். படிக்கட்டில் காலெல்லாம் புண்ணாக உட்கார்ந்து மூக்குப்பொடி எடுக்கும் தாய், அவள் மடியிலிருந்து நழுவித் தலைகீழாக விழும் குழந்தை. பின்னால் குழந்தை வாயில் ஜின் ஊற்றுகிறார்கள். நாயோடு சேர்ந்து ஒருவன் அதே எலும்பைக் கடிக்கிறான். இடிந்த வீட்டில் ஒருவன் தூக்கில் தொங்குகிறான். ஒரு பென்னிக்குப் போதை, இரண்டு பென்னிக்கு மயக்கம், படுக்க வைக்கோல் இலவசம் என்று கடை வாசலில் எழுதியிருக்கிறது. லண்டன் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டால், இல்லை. இது பிரச்சாரம். மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று நடந்த இயக்கத்துக்குத் துணையாக வந்த படம். அதே ஆண்டு ஜனவரியில் ஃபீல்டிங், அவர் அப்போது நீதிபதியும் கூட, திருட்டு பெருகியதற்கு ஜின்னும் ஒரு காரணம் என்று எழுதியிருந்தார். அந்த ஆண்டே சட்டமும் வந்தது. படத்தோடு ஜோடியாக வந்த 'பீர் தெரு'வில் அநேகமாக எல்லோரும் கொழுகொழுவென்று மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். பீர் நம்ம ஊர்ச் சரக்கு, உடம்புக்கு நல்லது. ஜின் அந்நிய நஞ்சு என்று சொல்லும் படம் அது. பீர் வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

ஆனால் இதிலும் என் ஓர விதியைப் போட்டுப் பாருங்கள். அடகுக் கடை வாசலில் இரண்டு பேர். தச்சன் தன் ரம்பத்தை நீட்டுகிறான். பக்கத்தில் ஒரு பெண் சமையல் பாத்திரங்களை நீட்டுகிறாள். அடகுக்காரர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். குழந்தை விழுவதைவிட எனக்கு இதுதான் மனதில் நிற்கிறது. எதை அடகு வைத்தால் அந்தக் குடும்பத்துக்கு இனி மீட்சியில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொழில் கருவியும் அடுப்புப் பாத்திரமும் வெளியே போனால் முடிந்தது. அடகுக் கடையின் அடையாளமான மூன்று உருண்டைகள் மேலே தொங்குகின்றன. தூரத்தில் தெரியும் புளூம்ஸ்பரி தேவாலயக் கோபுரத்துக்கு மேல் சிலுவை மாதிரி அவை தெரியும்படி வைத்திருக்கிறார். அது கதை. ரம்பமும் பாத்திரமும் மெய்.

தேநீருக்கு வருவோம். நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய வீட்டுச் சாமான், முடிவில் எல்லார் வீட்டுச் சாமான். 1784-இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக ஒரேயடியாக வெட்டினார்கள், கள்ளக் கடத்தல் படுத்துவிட்டது. தேநீர் என்றால் சர்க்கரை, சர்க்கரை என்றால் கரீபியன் தீவுகளின் அடிமைத் தோட்டங்கள். 1791-இல் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றதும், பலர் வீட்டில் சர்க்கரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜேம்ஸ் கில்ரே என்ற கேலிப்பட ஓவியர் ஒரு படம் போட்டார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் குடும்பம் சர்க்கரை இல்லாமல் தேநீர் குடிக்கிறது. மன்னர் ஆகா ஆகா என்று ரசிக்கிறார். ராணி மகள்களைப் பார்த்து, குடித்துப் பாருங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது, பாவம் அந்தக் கறுப்பர்களுக்கு வேலை மிச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் அப்பாவுக்குச் செலவு மிச்சம் என்கிறாள். இளவரசிகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கில்ரே கேலி செய்தது அரச குடும்பத்தின் கஞ்சத்தனத்தை. ஆனால் நமக்குக் கிடைப்பது, ஓர் அரசியல் போராட்டம் சாப்பாட்டு மேசைக்கு வந்து, பிள்ளைகளை முகம் சுளிக்க வைக்கும் அளவுக்கு வீட்டுக்குள் புகுந்திருந்தது என்பது.

சர்க்கரை பல்லையும் கெடுத்தது. தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த 'பல் மாற்று' படத்தை நான் யாருக்கும் சாப்பாட்டு நேரத்தில் காட்டுவதில்லை. வசதியான சீமாட்டி ஒருத்தி நாற்காலியில். அவள் பக்கத்தில் கரி படிந்த முகத்தோடு புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன். அவன் வாயிலிருந்து மருத்துவர் பல்லைப் பிடுங்குகிறார், சூடு ஆறுவதற்குள் அவள் வாயில் செருக. கதவில் அறிவிப்பு: உயிருள்ள பற்களுக்கு அதிக விலை தரப்படும். ஏற்கனவே பல்லைக் கொடுத்துவிட்ட இரண்டு ஏழைப் பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார்கள். ஒரு பிள்ளை கையில் இருக்கும் காசைப் பார்க்கிறது. மிகை என்றுதான் நினைப்போம். இல்லை. ஜான் ஹன்டர் என்ற பெரிய அறுவை மருத்துவரே இந்த முறையை ஆதரித்து எழுதியிருக்கிறார். வைத்த பல் நெடுநாள் நிற்காது, நோய் தொற்றும் என்ற பயமும் இருந்தது, அப்படியும் செய்தார்கள். இங்கே ஓரம் மட்டுமல்ல, நடுவும் மெய்.

தலைமுடிக்கு இப்படிச் சொல்ல முடியாது. 1770-களில் ஸ்ட்ராண்ட் தெருவில் கடை வைத்திருந்த மேத்யூ டார்லியும் மனைவி மேரி டார்லியும் உயரமான கொண்டைகளை வைத்தே வியாபாரம் செய்தார்கள். ஏணி போட்டுக் கொண்டை கட்டுகிற ஆள், தலையிலேயே தோட்டம். 1776-இல் அமெரிக்கப் போர் நடந்துகொண்டிருக்க, ஒருத்தியின் கொண்டை மேல் பங்கர் குன்றுச் சண்டையே நடக்கிறது, பீரங்கி, கொடி, கூடாரம் சகிதமாக. இவ்வளவு உயரம் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளே பஞ்சு வைத்த திண்டு, மேலே சவுரி, கொழுப்புக் களிம்பு, அதற்கு மேல் மாவுப் பொடி என்பது உண்மை. வாரக்கணக்கில் அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. பேன்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆண்களும் சளைக்கவில்லை. இத்தாலிப் பயணம் போய்வந்து புதுப் பாணியில் திரியும் இளைஞர்களுக்கு 'மக்கரோனி' என்று பெயர் வைத்து டார்லி கடை வரிசை வரிசையாகப் படம் போட்டது. 1774-இல் வேறொரு கடையில் வந்த படம் எனக்குப் பிடித்தது. ஊரிலிருந்து வந்த குடியானவ அப்பா, மலை போன்ற டோப்பாவும் மெல்லிய வாளுமாக நிற்கும் மகனைப் பார்த்து, 'இது என்ன, என் மகன் டாமா?' என்று விழிக்கிறார். தலைப்பே அதுதான். பட்டணத்துப் பிள்ளையைப் பார்க்கப் போன எந்த அப்பாவுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மாவுப் பொடிக்கும் ஒரு முடிவு வந்தது. 1795-இல் போர்ச் செலவுக்காகப் பிரதமர் பிட் தலைப் பொடிக்கு ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், வரி போட்டார். அந்த ஆண்டு ரொட்டிக்கே மாவுத் தட்டுப்பாடு. வரி கட்டிப் பொடி போட்டவர்களை 'கினிப் பன்றி' என்று ஊர் கிண்டல் செய்தது, படக் கடைகளும் சேர்ந்துகொண்டன.

இப்போது எச்சரிக்கை. ஏழைகள் இந்தப் படங்களில் நிறைய வருகிறார்கள், ஆனால் வாங்கினவர்கள் அவர்கள் அல்ல. அவர்களைப் பார்த்தது வேறொரு கண். வேலைக்காரி என்றால் திருடுவாள் அல்லது எஜமானனோடு சிரிப்பாள், அயர்லாந்துக்காரன் முரடன், பிரெஞ்சுக்காரன் ஒல்லி, தவளை தின்பவன். கறுப்பினப் பணியாளர்களும் நிறைய வருவார்கள், பெரும்பாலும் தலைப்பாகையோ வெள்ளிக் கழுத்துப்பட்டையோ அணிந்த சிறுவர்களாகத் தட்டேந்தி நிற்பார்கள். அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்குப் படம் சாட்சி. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இல்லை.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் இந்த இடத்தில் பொருந்தும். 1797-இல் கில்ரே 'ரூபாய் பிரபு' என்று ஒரு படம் போட்டார், ஹைட் பூங்காவில் ஒரு பணக்காரர் குதிரையில் போகிறார். அவர் பால் பென்ஃபீல்டு. மதராஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்து, ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்தவர். 1785-இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் அந்தக் கடனைக் கிழித்துப் பேசியபோது பென்ஃபீல்டின் பெயரும் கிழிந்தது. படத்தில் லண்டன்காரர்களுக்குத் தெரிந்தது ரூபாயில் புதுப் பணக்காரனான ஒரு ஆள். அந்தக் கடனுக்கு ஈடாக, நவாப் ஆண்ட கர்நாடகச் சீமையின் நிலவரியை எழுதிக்கொடுத்ததும், அதைக் கட்டின குடியானவனும் படத்தின் எந்த ஓரத்திலும் இல்லை. வரைகிறவனுக்கு எட்டாத இடத்தை ஓரமும் காட்டாது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்றால், பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட விளக்கம் இருக்கும். 1771-க்குப் பிந்தைய படங்களுக்கான விளக்கங்களில் பெரும்பகுதி டோரதி ஜார்ஜ் என்ற வரலாற்றாளர் எழுதியது. 1935 முதல் 1954 வரை ஏழு தொகுதிகள் வெளியிட்டார். படத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லி, பேச்சை அப்படியே படியெடுத்து, காரணம் எழுதியிருப்பார். படத்தை முதலில் நீங்களே பத்து நிமிடம் பாருங்கள், அப்புறம் அவர் எழுதியதைப் படியுங்கள். மாற்றிச் செய்தால் உங்கள் கண் வேலை செய்யாது.

பழக்கத்துக்கு ஒரு படம் சொல்கிறேன். நூற்றாண்டு தாண்டி 1808-இல் வந்தது என்றாலும் இதற்கு மிகப் பொருத்தம். கில்ரேயின் 'வழுக்குகிற வானிலை'. செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹன்னா ஹம்ப்ரி அம்மாளின் படக் கடை. கில்ரே அந்தக் கடைக்கு மேல் மாடியில்தான் குடியிருந்தார், அவர் படங்களை விற்றதும் அந்த அம்மாள்தான். கண்ணாடியில் மாட்டியிருப்பதெல்லாம் கில்ரேயின் பழைய படங்கள், ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம். ஆக, அந்த ஓரம் விளம்பரமும் கூட. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பலர் நின்று பார்க்கிறார்கள். இந்தப் பக்கம், நடைபாதையில் ஒரு வயசானவர் வழுக்கி மல்லாந்து விழுந்து கிடக்கிறார், தொப்பியும் காசும் சிதறிவிட்டன, கையில் இருந்த வெப்பமானியை மட்டும் உடையாமல் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.